சிந்தெட்டிக் எஞ்சின் ஒயிலின் தரத்தையும் அடிப்படை எண்ணெயையும் தாளைப் பார்த்து மதிப்பிடுவது எப்படி

கொழும்பின் பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடைக்குப் போனாலும், 5டபிள்யூ-30 என்ற ஒரே பிசுக்குமை இலக்கம் (டபிள்யூவோடு வரும் எண் குளிரில் எண்ணெயின் தடிப்பையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் தடிப்பையும் காட்டுவது) அச்சிட்ட நான்கு லீற்றர் கான்கள் பல நிறங்களில் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவற்றின் முகப்பில் ‘ஃபுல்லி சிந்தெட்டிக்’ என்று பொன்னிறத்தில் எழுதியிருக்கும். விலையோ ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். இந்த விலை வேறுபாட்டில் எவ்வளவு பகுதி எண்ணெயின் தரத்துக்குரியது, எவ்வளவு பகுதி விளம்பரத்துக்குரியது என்பதை முகப்பு எழுத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அதற்கு உதவுபவை கானின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளும், தயாரிப்பாளர் தன் இணையதளத்தில் வெளியிடும் இரண்டு தாள்களும் ஆகும். ஒன்று தொழில்நுட்பத் தரவுத்தாள், மற்றது பாதுகாப்புத் தரவுத்தாள். இரண்டும் இலவசம், கைத்தொலைபேசியிலேயே தரவிறக்கிக்கொள்ளலாம்.

முகப்பு எழுத்தை நம்ப முடியாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் காஸ்ட்ரோல் நிறுவனம் தன் ‘சின்டெக்’ எண்ணெயில், தொழிற்சாலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்பட்ட பி.ஏ.ஓ. எண்ணெயை நீக்கிவிட்டு, கச்சா எண்ணெயிலிருந்து ஐதரசன் கொண்டு ஆழமாகப் பதப்படுத்திப் பெற்ற எண்ணெயைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதைச் சிந்தெட்டிக் என்று விற்கக் கூடாது என்று மோபில் நிறுவனம் அந்நாட்டின் விளம்பர சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் முடிவு காஸ்ட்ரோலுக்குச் சாதகமாக வந்தது. நீதிமன்றத் தீர்ப்பு அல்லாத அந்த முடிவுக்குப் பிறகு, மலிவான வழி திறந்துவிட்டதால் பெரும்பாலான நிறுவனங்கள் அதே பாதையில் சென்றன. ஜேர்மனியில் மட்டும் வழக்கம் வேறு: அங்கே ‘முழுச் சிந்தெட்டிக்’ என்று எழுதுவதற்குப் பி.ஏ.ஓ. அல்லது எசுத்தர் அடிப்படை எதிர்பார்க்கப்படுகிறது. ஐதரசன் கொண்டு பதப்படுத்தப்பட்டவை ‘எச்.சி. சிந்தெஸ்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஆகவே கொழும்பில் வாங்கும் கானில் இருப்பது எந்த நாட்டு வழக்கப்படி எழுதப்பட்ட எழுத்து என்பதைப் பொறுத்து, அதே சொல் வேறு பொருளைச் சுட்டும். ‘செமி சிந்தெட்டிக்’ என்பதற்கோ குறைந்தபட்ச விகிதம் என்று எதுவுமே வகுக்கப்படவில்லை. ஒரு சிறு பங்கு சேர்த்தாலும் அப்படி எழுதலாம்.

அடிப்படை எண்ணெயின் ஐந்து வகுப்புகள்

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம், அதாவது ஏ.பி.ஐ., அடிப்படை எண்ணெய்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. முதல் மூன்றையும் பிரிப்பவை மூன்று அளவுகள்: நிரம்பிய ஐதரோகாபன்களின் பங்கு, கந்தகத்தின் அளவு, பிசுக்குமைச் சுட்டி. முதலாம் வகுப்பில் நிரம்பியவை 90 சதவீதத்துக்குக் குறைவாகவோ கந்தகம் 0.03 சதவீதத்துக்கு அதிகமாகவோ இருக்கும்; சுட்டி 80க்கும் 120க்கும் இடையில் நிற்கும். இரண்டாம் வகுப்பில் நிரம்பியவை 90 சதவீதமும் அதற்கு மேலும், கந்தகம் 0.03 சதவீதமும் அதற்குக் கீழும். சுட்டியின் எல்லை பழையதே. மூன்றாம் வகுப்பு தூய்மையில் இரண்டாவதைப் போன்றது, ஆனால் சுட்டி 120ஐ எட்டியிருக்க வேண்டும். நான்காம் வகுப்பு முழுவதும் பி.ஏ.ஓ. எனப்படும் பொலிஅல்பாஒலிபின்களுக்கு உரியது. இவற்றுள் அடங்காத எல்லாமே, எசுத்தர்கள் முதல் அல்கைலேற்றிய நப்தலீன்கள் வரை, ஐந்தாம் வகுப்பில் போடப்படுகின்றன. ஆகவே ‘ஐந்தாம் வகுப்பு’ என்பது மிக உயர்ந்த படி என்று நினைத்துவிடக் கூடாது; அது மிச்சம் மீதி எல்லாவற்றையும் போட்டுவைத்த பெட்டி.

பிசுக்குமைச் சுட்டி என்பது வெப்பநிலை ஏற ஏற எண்ணெய் எவ்வளவு இளகுகிறது என்பதைக் காட்டும் எண். சுட்டி உயர்ந்தால் இளக்கம் குறைவு. முதலாம் வகுப்பு எண்ணெயைச் செய்யும்போது, வேண்டாத அரோமற்றிக் சேர்வைகளையும் மெழுகையும் கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்துவிடுகிறார்கள், எஞ்சியது எண்ணெய். மூன்றாம் வகுப்பில் பிரித்தெடுத்தல் மட்டும் நடப்பதில்லை. உயர் அழுத்தத்தில் ஐதரசனும் வினையூக்கியும் சேர்ந்து மூலக்கூறுகளை உடைத்து நிரப்புகின்றன, நீண்ட நேரான மெழுகுச் சங்கிலிகளைக் கிளைவிட்ட சங்கிலிகளாக மாற்றுகின்றன. தென்கொரியாவின் உல்சானில் செய்யப்படும் மூன்றாம் வகுப்பு எண்ணெய் உலகின் பல பெயர்களின் கீழ் கான்களில் அடைபடுகிறது. கட்டாரின் ராஸ் லஃபானில் ஷெல் நிறுவனத்தின் ‘பேர்ள்’ ஆலை 2011 முதல் இயற்கை வாயுவிலிருந்து திரவ எண்ணெயைச் செய்கிறது. வாயு முதலில் காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக உடைக்கப்பட்டு, பிசர்–துரோப்சு முறையில் மெழுகாகக் கோக்கப்பட்டு, பின்னர் எண்ணெயாக மாற்றப்படுகிறது. இதையும் ஏ.பி.ஐ. மூன்றாம் வகுப்பிலேயே வைக்கிறது. கந்தகம் ஏறக்குறைய இல்லாத மிகத் தூய எண்ணெய் இது. வணிகர்கள் ‘மூன்று பிளஸ்’ என்று அழைப்பது இத்தகையவற்றைத்தான், ஆனால் அந்தப் பெயர் ஏ.பி.ஐ. பட்டியலில் கிடையாது.

பி.ஏ.ஓ. எதிலீனிலிருந்து தொடங்குகிறது. எதிலீனைக் கோத்து டெசீன் என்ற பத்துக் காபன் சங்கிலி பெறப்படுகிறது. அவற்றில் மூன்றோ நான்கோ இணைக்கப்பட்டு, ஐதரசனால் நிரப்பப்படுகின்றன. மெழுகு என்று சொல்லத்தக்க எதுவும் இதில் இல்லாததால், மெல்லிய பி.ஏ.ஓ. மறை 60 பாகை செல்சியஸுக்கும் கீழே ஓடும். அதே தடிப்புள்ள சாதாரண மூன்றாம் வகுப்பு எண்ணெய், உறைவுநிலை தாழ்த்தும் சேர்மானம் (அடிப்படை எண்ணெயோடு கலக்கும் இரசாயனம்) இல்லாவிட்டால், மறை 20 பாகை அளவிலேயே இறுகிவிடும். ஆவியாகும் இழப்பும் பி.ஏ.ஓ.வில் குறைவு. இத்தனை நற்குணங்களோடு இரண்டு குறைகளும் அதற்கு உண்டு: சேர்மானங்களைக் கரைத்து வைத்திருக்கும் ஆற்றல் குறைவு, இறப்பர் முத்திரை வளையங்களைச் சுருங்க வைக்கும். எனவே எசுத்தரோ அல்கைலேற்றிய நப்தலீனோ சேர்த்தே பி.ஏ.ஓ. எண்ணெய்கள் செய்யப்படுகின்றன. எசுத்தர் முனைவுத்தன்மை உள்ளது. உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அதைப் புகழ்வார்கள். உண்மைதான், ஆனால் அதே தன்மையால் தேய்மானத் தடுப்புச் சேர்மானத்தோடு உலோகப் பரப்பில் இடத்துக்குப் போட்டியிடவும் செய்யும், நீரோடு நீண்ட காலம் சேர்ந்திருந்தால் பிரிந்தும் போகலாம். எசுத்தர் அதிகம் இருந்தால் எண்ணெய் உயர்ந்தது என்ற முடிவுக்கு இதனால் வர முடியாது.

கானில் உள்ள எண்ணெயில் அடிப்படை எண்ணெயின் பங்கு ஏறத்தாழ நான்கில் மூன்று முதல் பத்தில் ஒன்பது வரை. மீதியாக இருக்கும் கழுவி, சிதறலாக்கி, தேய்மானத் தடுப்பி, ஒட்சியேற்றத் தடுப்பி, பிசுக்குமை கூட்டும் பல்பகுதியம் ஆகியவையே எஞ்சினின் ஆயுளில் பெரும் பகுதியைத் தீர்மானிக்கின்றன. அரிசி நல்லது என்பதற்காக மட்டும் புரியாணி நன்றாக வந்துவிடாது. நல்ல சேர்மானத்தோடு செய்த மூன்றாம் வகுப்பு எண்ணெய், கஞ்சத்தனமாகச் சேர்மானம் போட்ட பி.ஏ.ஓ. எண்ணெயைவிட எஞ்சினுக்கு நல்லதாக இருப்பதில் வியப்பில்லை. அடிப்படை எண்ணெயைத் தேடுவது பயனுள்ளது. அதை மட்டுமே தேடுவது பயனற்றது.

கானின் பின்பக்கம்

தொடங்க வேண்டிய இடம் வாகனத்தின் கைநூல். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய வாகனங்களில் அது ஜப்பானிய மொழியில் இருக்கும் என்றாலும், பிசுக்குமை இலக்கமும், எஸ்.எல்., எஸ்.பி. போன்ற ஏ.பி.ஐ. தர எழுத்துகளும் எண்ணெய்ப் பக்கத்தில் எளிதாகக் கண்ணில் படும். அங்கே சொல்லப்பட்ட தரத்தை நிறைவு செய்யும் கான்களை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் அவற்றுக்குள் எது சிறந்தது என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

பின்பக்கத்தில் உள்ள வாசகங்கள் எல்லாம் ஒரே எடை உடையவை அல்ல. ஏ.பி.ஐ.யின் வட்ட முத்திரை இருந்தால், தயாரிப்பாளர் அந்த நிறுவனத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பெற்றிருக்கிறாரா என்பதை ஏ.பி.ஐ. இணையதளத்தின் உரிமதாரர் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்த்து உறுதி செய்யலாம். முத்திரை இல்லாமல் ‘ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்தை நிறைவு செய்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது தயாரிப்பாளரின் சொல். பொய் என்று சொல்வதற்கில்லை, சரிபார்க்க ஆள் இல்லை என்பதே வேறுபாடு. எஸ்.பி. 2020 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2025 மார்ச்சில் எஸ்.க்யூ. வந்திருக்கிறது. எஸ்.எல்., எஸ்.எம். என்று மட்டும் எழுதிய ‘ஃபுல்லி சிந்தெட்டிக்’ கான் இன்று கடையில் இருந்தால், விலையில் எவ்வளவு சலுகை தந்தாலும் அது பழைய சேர்மானக் கலவை என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.ஈ.ஏ. வகுத்த ஏ3/பி4, சி3 போன்ற வரிசைகள் எண்ணெய்த் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் அறிவிப்பவை. கார் நிறுவனங்களின் அங்கீகாரங்கள் அவற்றைவிடக் கனமானவை. ‘எம்.பி. அப்ரூவல் 229.5’ என்று இருந்தால், மெர்சிடிஸ் நிறுவனம் அந்த எண்ணெயைச் சோதனை முடிவுகளோடு ஏற்றுப் பட்டியலிட்டிருக்கிறது என்று பொருள். பட்டியலையும் இணையத்தில் பார்க்கலாம். ‘எம்.பி. 229.5க்குப் பொருத்தமானது’ என்றிருந்தால் அப்படி எந்தப் பட்டியலும் பின்னால் இல்லை. விற்பனையாளர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகவே வாசித்துக் காட்டுவார்கள்; வாங்குபவர் அப்படி வாசிக்கக் கூடாது.

மெர்சிடிஸ் ஓட்டாதவருக்கும் இந்த அங்கீகாரங்கள் பயன்படும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. அமெரிக்க, ஜப்பானிய கார் நிறுவனங்களின் குழுவான இல்சாக் வகுத்த ஜி.எப்.-6 தரம் ஆவியாகும் இழப்பை 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது, ஏ.சி.ஈ.ஏ. ஏ3/பி4, சி3 ஆகியவை 13 சதவீதம், எம்.பி. 229.5 பத்துச் சதவீதம் மட்டுமே. 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெயில் பத்துச் சதவீத எல்லையைத் தொடுவது இரண்டாம் வகுப்பு எண்ணெயால் நடக்கிற காரியம் அல்ல. நல்ல மூன்றாம் வகுப்போ, வாயுவிலிருந்து செய்ததோ, பி.ஏ.ஓ.வோ வேண்டும். அடிப்படை எண்ணெயின் பெயரைத் தயாரிப்பாளர் மறைத்தாலும், அவர் எட்டிய அங்கீகாரம் அதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் ஏ3/பி4 வகை எண்ணெயைப் பார்த்து மயங்கி, 0டபிள்யூ-20 கேட்கும் ஹைபிரிட்டில் ஊற்றுவது தவறு. பத்தாண்டுக்கு மேல் ஓடிய ரொயோட்டா அக்வா ஆனாலும், புதிய ஹொண்டா வெசல் ஆனாலும், அவற்றின் கைநூல் சொல்லும் இலக்கமே முதல் வடிகட்டி.

தொழில்நுட்பத் தரவுத்தாள்

இந்தத் தாளில் உள்ள எண்கள் ‘வழமையான பெறுமானங்கள்’ எனப்படும் சராசரிகள். ஒவ்வொரு தொகுதிக்கும் சிறிது மாறலாம். ஆயினும் ஒரே பிசுக்குமை இலக்கம் கொண்ட இரண்டு எண்ணெய்களை ஒப்பிட இவை போதும். 15டபிள்யூ-40ஐ 0டபிள்யூ-20உடன் ஒப்பிடுவது வீண் வேலை, ஏனெனில் தடித்த எண்ணெய் இயல்பாகவே குறைவாக ஆவியாகும்.

முதலில் தேட வேண்டியது நோவாக் எண். எண்ணெயை 250 பாகையில் ஒரு மணி நேரம், காற்றோட்டத்தின் கீழ் வைத்து, எடையில் எத்தனை சதவீதம் போனது என்று அளக்கும் சோதனை அது. ஆவியாகப் போவது எண்ணெயின் இலேசான பகுதி. அது கிராங்க் அறையின் காற்றோட்டக் குழாய் வழியே உள்ளிழுப்புப் பக்கத்துக்குப் போய், நேரடி உட்செலுத்தல் எஞ்சின்களில் வால்வுகளின் முதுகில் கரியாகப் படிகிறது. எஞ்சியிருக்கும் எண்ணெய் தடிக்கிறது. டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்குகிறது. 5டபிள்யூ-30இல் நோவாக் 8 அல்லது 9 என்றால் மிக நன்று. 14 என்றால் தரத்தின் எல்லைக்கு உட்பட்டது, அவ்வளவே. இந்த எண்ணைத் தாளில் போடாத தயாரிப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டால் அனுப்புபவர்களும் உண்டு. ஒரு மின்னஞ்சல் எழுதிப் பார்ப்பதில் நட்டமில்லை.

அடுத்தது குளிர்த் தொடக்கப் பிசுக்குமை, தாள்களில் சி.சி.எஸ். என்று இருப்பது. 0டபிள்யூ எண்ணெய் மறை 35 பாகையில் 6,200 சென்ரிபோய்சை (பிசுக்குமையின் அலகு) தாண்டக் கூடாது; 5டபிள்யூ மறை 30 பாகையில் 6,600; 10டபிள்யூ மறை 25 பாகையில் 7,000. கொழும்பில் மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. நுவரெலியாவில் உறைபனி விழும் நாளிலும் இந்த எல்லைகளுக்கு அருகே வர முடியாது. அப்படியானால் இந்த எண் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எஞ்சினைத் தொடக்குவதற்கு அல்ல, எண்ணெயின் உள்ளே பார்ப்பதற்கு. குளிரில் இளக்கமாக வைக்க வேண்டுமென்றால் மெல்லிய அடிப்படை எண்ணெய் போட வேண்டும். மெல்லியதைப் போட்டால் ஆவியாகும் இழப்பு கூடும். சாதாரண எண்ணெயில் ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெடும். இரண்டையும் ஒருசேரத் தாழ்வாக வைக்கக்கூடியது உயர்ந்த அடிப்படை எண்ணெய் மட்டுமே. ஆகவே சி.சி.எஸ். எல்லைக்கு வெகு கீழேயும், நோவாக் பத்துக்குக் கீழேயும் சேர்ந்து நின்றால், பி.ஏ.ஓ.வோ வாயுவழி எண்ணெயோ கணிசமாக இருப்பதாகக் கொள்ளலாம்.

கற்பனையாக இரண்டு 5டபிள்யூ-30 தாள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் சி.சி.எஸ். 4,600, நோவாக் 8.5, ஓடுநிலை (எண்ணெய் இறுகாமல் ஓடும் மிகத் தாழ்ந்த வெப்பநிலை) மறை 48 பாகை, மற்றதில் சி.சி.எஸ். 6,300, நோவாக் 13.8, ஓடுநிலை மறை 42 பாகை. ஓடுநிலையை மட்டும் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது போலத் தோன்றும், ஏனெனில் உறைவுநிலை தாழ்த்தும் சேர்மானம் சிறிதளவு போட்டாலே அந்த எண்ணை அழகாக்கிவிடலாம். சி.சி.எஸ்.ஸை அவ்வளவு எளிதில் அழகாக்க முடியாது. இரண்டாவது எண்ணெய் கெட்டதல்ல. சாதாரண மூன்றாம் வகுப்பில் விலைக்கேற்பச் செய்த எண்ணெய். அதற்கு முதலாவதன் விலையைக் கேட்டால்தான் மறுக்க வேண்டும்.

பிசுக்குமைச் சுட்டி பலரை ஏமாற்றும் எண். அடிப்படை எண்ணெயின் சுட்டி வேறு, கானில் உள்ள எண்ணெயின் சுட்டி வேறு. பல்பகுதியம் சேர்த்துப் பின்னதை விரும்பிய அளவுக்கு உயர்த்தலாம். ஜப்பானிய 0டபிள்யூ-20 எண்ணெய்கள் சிலவற்றில் அது 200ஐத் தாண்டும், அது எரிபொருள் சிக்கனத்துக்காகத் திட்டமிட்டுச் செய்தது. 150க்கும் 170க்கும் இடையில் சுட்டி உள்ள 0டபிள்யூ-20 அடிப்படை எண்ணெயில் அதைவிடத் தாழ்ந்தது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பல்பகுதியம் குறைவாக இருந்தால், கியர்ச் சக்கரங்களுக்கும் சங்கிலிக்கும் இடையில் நசுங்கி இளகும் அபாயமும் குறைவு.

எச்.டி.எச்.எஸ். என்பது 150 பாகையில், வேகமாக வெட்டப்படும் நிலையில் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்று காட்டுவது. 20 இலக்கத்துக்கு 2.6, 30 இலக்கத்துக்கு 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆகியவற்றுக்கு 3.5 மில்லிபஸ்கல் விநாடி என்பவை, பிசுக்குமை இலக்கங்களை வகுக்கும் எஸ்.ஏ.ஈ. அமைப்பின் குறைந்தபட்ச அளவுகள், ஏ.சி.ஈ.ஏ. ஏ3/பி4உம் சி3உம் 30 இலக்கத்துக்கும் 3.5ஐக் கேட்கின்றன. மொத்த மூல எண் எனப்படும் டி.பி.என். அமிலத்தைச் சமன் செய்யும் கையிருப்பு. ஏ3/பி4இல் குறைந்தது 10 இருக்க வேண்டும். அது அதிகமானால் சல்பேற்றுச் சாம்பலும் பொதுவாக அதிகமாகும். புகைவடிகட்டி உள்ள டீசல் வாகனத்துக்குச் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டாத சி3 போன்றவையே பொருந்தும். எண்ணெயின் ஆவி தீப்பற்றும் பற்றுநிலை வெப்பநிலையைப் பற்றி இங்கே நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. புதிய எண்ணெய்களை ஒப்பிட அது மொட்டையான கருவி.

பாதுகாப்புத் தரவுத்தாளில் கிடைக்கும் இரசாயன இலக்கங்கள்

தொழில்நுட்பத் தாள் மறைப்பதைப் பல வேளை பாதுகாப்புத் தாள் சொல்லிவிடும். மூன்றாம் பிரிவில் கலவையின் கூறுகளும், ஒவ்வொன்றுக்கும் சி.ஏ.எஸ். எனப்படும் உலகளாவிய இரசாயனப் பதிவு இலக்கமும், சதவீத எல்லையும் இருக்கும். 68037-01-4 அல்லது 68649-12-7 என்று கண்டால் அது பி.ஏ.ஓ. 848301-69-9 என்றால் வாயுவிலிருந்து பிசர்–துரோப்சு முறையில் செய்த எண்ணெய். 64742-54-7, 72623-87-1 ஆகியவை ஐதரசன் கொண்டு பதப்படுத்தியவை. இரண்டாம் வகுப்பாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். 64742-65-0 கரைப்பானால் மெழுகு நீக்கியது. பழைய முதலாம் வகுப்பு எண்ணெய்களில் வழமையாகக் காணப்படுவது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். இந்தத் தாள் செய்முறைக் குறிப்பு அல்ல. ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்ட கூறுகளையே கட்டாயமாகக் காட்ட வேண்டும். 40 பாகையில் பிசுக்குமை விநாடிக்கு 20.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த ஐதரோகாபன்கள் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்று வகைப்படுத்தப்படுவதால், மெல்லிய பி.ஏ.ஓ. 4 தாளில் இடம்பெறும். சற்றுத் தடித்த பி.ஏ.ஓ. 6 கலவையில் பாதியளவு இருந்தாலும் தாளில் பெயரே இல்லாமல் போகலாம். தாளில் இல்லை என்பதால் கானிலும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது, சதவீத எல்லைகள் மிக அகன்றவை. ‘1 முதல் 10 வரை’ என்று பி.ஏ.ஓ. காட்டப்பட்டிருந்தால், அது சேர்மானத்தைக் கரைத்துக் கொண்டுவரப் பயன்பட்ட சிறு அளவாகக்கூட இருக்கலாம். ‘50 முதல் 70 வரை’ என்றால்தான் அதை அடிப்படை என்று சொல்ல முடியும். தாளின் திருத்தத் திகதியையும், அது எந்த நாட்டு விற்பனைக்கானது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே பெயரில் ஐரோப்பாவுக்கு ஒரு கலவையும் ஆசியாவுக்கு வேறு கலவையும் விற்பது இத்தொழிலில் சாதாரணம். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் அடிப்படை எண்ணெய் உற்பத்தியாவதில்லை. இறக்குமதியான அடிப்படை எண்ணெயை இங்கே கலந்து அடைத்ததா, கானாகவே வந்திறங்கியதா என்பதைப் பின்பக்கத்து முகவரியிலிருந்து தெரிந்துகொண்டு, அதற்குரிய தாளையே எடுக்க வேண்டும்.

கொழும்பின் வெயிலும் நெரிசலும்

‘இந்த ஊர் சூட்டுக்கு 20டபிள்யூ-50 தான் சரி’ என்று கராஜ்களில் சொல்வார்கள். எஞ்சினின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது தேர்மோஸ்ட்டாட்டும் குளிராக்கும் தொகுதியும். வெளியே 32 பாகை என்பது அவற்றுக்குப் பெரிய சுமை அல்ல. காலி வீதியில் மாலை நெரிசலில் நகர்ந்து நிற்கும் காருக்கு உண்மையான தொல்லை வேறு. குறுந்தூர ஓட்டத்தில், அதுவும் அடிக்கடி எஞ்சின் நின்று தொடங்கும் ஹைபிரிட்டில், எண்ணெய் முழு வெப்பத்தை எட்டுவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. நீராவியும் பெற்றோலும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. இத்தகைய ஓட்டத்தில் அடிப்படை எண்ணெய் பி.ஏ.ஓ. என்பதற்காக மாற்றும் காலத்தை இரட்டிப்பாக்குவது விவேகமல்ல. பெற்றோல் கலந்து இளகிய எண்ணெய் எந்த வகுப்பாக இருந்தாலும் இளகியதே. ஜப்பானில் ரொயோட்டா சாதாரண பெற்றோல் எஞ்சின்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்றும், கடுமையான பாவனைக்கு அதில் பாதி என்றும் சொல்கிறது. கொழும்பு ஓட்டம் இரண்டாவது வகை. உயர்ந்த எண்ணெய்க்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் இங்கே நீண்ட இடைவெளியை அல்ல, அந்த இடைவெளிக்குள் சுத்தமான எஞ்சினை வாங்கித் தருகிறது. சிக்கனம் பார்ப்பவர் உரிமம் பெற்ற நடுத்தர எண்ணெயை நேரத்துக்கு மாற்றுவதே என் கணிப்பில் மேலான வழி.

மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கரவண்டிக்கும் இந்த முழுக் கணக்கிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றின் கிளச் எண்ணெயிலேயே நனைந்து ஓடுவதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெய், எவ்வளவு உயர்ந்த பி.ஏ.ஓ.வாக இருந்தாலும், கிளச்சை வழுக்க வைக்கலாம். ஜப்பானியத் தரமான ஜாசோவின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். தானியங்கி ஸ்கூட்டர்களுக்கு ஜாசோ எம்.பி. என்பது தனி.

பயனற்ற சோதனைகளும், வாங்கும் முறையும்

விரலிடையே தேய்த்துப் பார்ப்பது, வாசனை பிடிப்பது, நிறம் பார்ப்பது ஆகியவற்றால் எதுவும் தெரியாது. நிறம் சேர்மானத்தாலும் சாயத்தாலும் வருவது. சட்டியில் கொதிக்க வைத்துப் புகை பார்ப்பது ஆபத்து, அதற்கு மேல் எதுவும் இல்லை. வீட்டு உறைபெட்டி ஏறத்தாழ மறை 18 பாகையில் நிற்பது. அந்தக் குளிரில் 0டபிள்யூவும் 5டபிள்யூவும் இரண்டுமே தடையின்றி ஓடும். 20டபிள்யூ-50ஐப் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று வேறுபாடு தெரியும், காணொளி எடுக்க நன்றாக இருக்கும், தேய்மானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஓரிரண்டாயிரம் கிலோமீற்றரில் எண்ணெய் கறுத்துவிட்டது என்று புகார் சொல்பவர்களும் உண்டு. கறுப்பது, கழுவியும் சிதறலாக்கியும் கரியைத் தூக்கி வைத்திருப்பதற்கு அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

தாளில் எவ்வளவு நல்ல எண்கள் இருந்தாலும், கானில் இருப்பது அந்த எண்ணெய்தான் என்ற உறுதி வேண்டும். இலங்கையில் உராய்வு நீக்கி எண்ணெய்ச் சந்தையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கண்காணிக்கிறது. அனுமதி பெற்ற இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கானில் தெளிவாக இருக்க வேண்டும். மூடியை உடைத்துத் திறக்கும் வளையம், அதன் கீழே வாயில் ஒட்டிய தகடு, கானின் உடலில் பொறித்த தொகுதி இலக்கம், அது லேபிளில் உள்ள திகதியோடு பொருந்துவது ஆகிய நான்கையும் கடையிலேயே பார்த்துவிடலாம். தொகுதி இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் விலை பேச வேண்டிய தேவையே இல்லை. சேர்விஸ் நிலையத்தில் பரலிலிருந்து குழாய் வழியே ஊற்றும் எண்ணெயைப் பற்றி மேலே சொன்ன எதையும் சரிபார்க்க வழி இல்லை. மூடிய கானை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, கண்ணெதிரே திறக்கச் சொல்வது நல்லது. வெறும் கானை அங்கே விட்டு வர வேண்டாம். நல்ல பெயர் அச்சிட்ட, மூடி சிதையாத வெறும் கானுக்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தியால் பக்கவாட்டில் ஒரு கீறல் கீறிவிட்டு வந்தால், அதில் மறுபடி எதையும் நிரப்ப முடியாது.